பிடி அரிசி தந்த பாடம்!

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரையில் உள்ள சின்ன கிராமம். ஊர் நடுவே அம்மன் கோயில். தெற்கே மேட்டில் ஒரு சர்ச். நாங்கள் அம்மன் கோயில்காரர்கள்.

எதிர்வீட்டு டீச்சரக்கா சர்ச்சுக்குப் போகிறவர். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவார். டப்பா நிறைந்ததும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு போவார். சபையில் எல்லா வீட்டுப் பெண்களும் இப்படித்தான். அதை விற்று, ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கும் ஊழியத்துக்கும் கொடுப்பார்களாம். "ஏன்க்கா, இந்த ஒரு பிடி அரிசியில என்ன ஆயிரப் போகுது?" என்று நான் கேலி கூடப் பேசியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

2023 டிசம்பர் 17-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 90 சென்டி மீட்டருக்கும் மேல் பெய்தது என்று பிறகு பேப்பரில் படித்தோம். என் வீட்டுக்காரர் வேலை விஷயமாகத் தூத்துக்குடியில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும், இரண்டு பிள்ளைகளும், சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடும் என் மாமியாரும்தான். ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கரண்ட் இல்லை. போனில் சிக்னல் இல்லை. பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, செய்வது அறியாமல் நின்றேன்.

அப்போது சர்ச் மணி அடித்தது. ஆராதனைக்கு அடிக்கிற மாதிரி இல்லை, விடாமல் அடித்தது. உபதேசியாரும் நாலைந்து வாலிபர்களும் டார்ச் லைட்டோடு தெருத் தெருவாக வந்து, "எல்லாரும் மேட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டார்கள்.

மாமியார் அசையவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் கொடைக்கு ரேடியோ கட்டுவதில் இரண்டு பக்கமும் பேச்சு முற்றி, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். "சண்டை போட்டவங்க வாசல்ல போயி நிக்கவா? நான் வரலை. நீ பிள்ளைகளக் கூட்டிட்டுப் போ" என்று பிடிவாதம். உபதேசியார் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "ஆச்சி, இன்னைக்கு அது ஊருக்குப் பொது வீடு. நீங்க வராம நான் இங்கேருந்து நகர மாட்டேன்" என்றார். கடைசியில் அவர் முதுகில்தான் மாமியார் மேடு ஏறினார்கள்!

உள்ளே நூறு பேருக்கு மேல் இருந்தோம். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, பாய் விரித்துக் கொடுத்தார்கள். உபதேசியார் வீட்டம்மா செய்த ஒரு காரியத்தை மறக்கவே முடியாது. ஞாயிறு பள்ளி நடக்கும் சின்ன அறையைக் காலி செய்து, வயசுப் பெண்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் ஒதுக்கி, உள்ளே தாழ்ப்பாளையும் சரி பார்த்துக் கொடுத்தார். வெள்ளத்தில் பெண்களுக்கு என்ன கஷ்டம் என்று ஒரு பெண்ணுக்குத்தானே தெரியும்!

விடிந்ததும் பசி. ஊரில் இரண்டு கடைகளும் தண்ணீருக்குள். அப்போதுதான் டீச்சரக்கா பின்னறையைத் திறந்தார். மூன்று மூட்டை அரிசி! எல்லாம் பெண்கள் சேர்த்த பிடி அரிசி. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடந்தது. சோறாக்கினால் ஒன்று வேகும், ஒன்று வேகாது. அதனால் கஞ்சியாகக் காய்ச்சினோம். வருஷா வருஷம் அசனத்துக்குச் சமைக்கும் பெரிய அண்டாக்களும் அகப்பைகளும் அங்கேயே இருந்தது எவ்வளவு உதவி! கல் கூட்டி, உடைந்த பெஞ்சு மரத்தை எரித்து, மூன்று நாள் அத்தனை பேரும் குடித்தது அந்தக் கஞ்சியைத்தான். அம்மன் கோயில் பூசாரி வீட்டுத் தேங்காய்தான் துவையலுக்கு.

மாமியாரின் இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் இல்லையே என்று தவித்தேன். சபையில் ஒரு நர்சம்மா, மண் சட்டியில் ஈர மணல் போட்டு, மருந்தை நனையாதபடி ஒரு டப்பாவில் மூடி உள்ளே வைத்து, ஈரத்துணியால் போர்த்தி வைக்கச் சொன்னார். வேளைக்கு ஊசியும் அவரே போட்டுவிட்டார். இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ, நினைத்தாலே குலை நடுங்குகிறது. காலையும் மாலையும் அவர்கள் ஜெபம் செய்தார்கள். எங்களை யாரும் வற்புறுத்தவில்லை. மாமியார் ஒரு மூலையில் இருந்து அம்மனைக் கும்பிட்டார்கள். அதற்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதே வெள்ளத்தில், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கும் பக்கத்து ஊர் ஜனங்கள்தான் சமைத்துப் போட்டார்கள். கோயிலோ, சர்ச்சோ, பள்ளிவாசலோ, ஆபத்தில் திறக்கிற கதவுதான் பெரிய கதவு.

பிடி அரிசி எங்கள் பக்கத்தில் மட்டும் இல்லையாம். மிசோரம் மாநிலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ம் வருஷத்திலிருந்தே இப்படி எடுத்து வைக்கிறார்கள் என்று டீச்சரக்கா சொன்னார். அங்கே அதற்கு 'புஃபை தாம்' என்று பெயராம். கையில் காசு இல்லாத பெண்ணுக்கும் அடுப்படி அவள் கையில்தானே இருக்கிறது!

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிடி ஐம்பது கிராம் என்றாலும் மாதம் ஒன்றரைக் கிலோ, வருஷத்துக்குப் பதினெட்டுக் கிலோ. பத்து வீடு சேர்ந்தால் 180 கிலோ! குழம்பில் உப்பு கூடினால் தெரியும். உலையில் ஒரு பிடி குறைந்தால் யாருக்கும் தெரியாது.

இப்போது எங்கள் அடுக்களையிலும் ஒரு டப்பா இருக்கிறது. அதை வைத்தது நான் இல்லை, என் மாமியார்! "எனக்கு என் அம்மன் போதும். ஆனா குடிச்ச கஞ்சிக்குக் கடன் இருக்கு, அதை அடைக்கணும்" என்கிறார்கள். டப்பா நிறைந்ததும் சர்ச் பின்னறைக்குத்தான் போகிறது. அதில் ஒரு மூட்டையை விற்காமல் எப்போதும் ஊருக்காக வைத்திருக்க வேண்டும் என்று சபையில் முடிவு செய்திருக்கிறார்கள். ரேடியோ சண்டையும் தீர்ந்துவிட்டது. மணி அடித்தால் இவர்கள் ரேடியோவை நிறுத்துகிறார்கள். கொடையன்று அவர்கள் மைக் போடுவதில்லை.

நீங்களும் உங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு டப்பா வைத்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்.