தைலமும் பதமும்

நுழையும்முன்

மூலிகை எண்ணெயைக் கடையில் வாங்குவது எளிது. அதை வீட்டிலேயே காய்ச்சிய கைகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. அக்கைகள் அறிந்திருந்த கருவிகள் எவை? அளவுகள் எவை? அவற்றின் பின்னுள்ள அறிவியல் யாது? திருத்தணிகை மலையடிவாரத்திலிருந்து இவ்வினாக்களுக்கு விடை தேடுவோம்.

மலையும் மணமும்

முருகனின் ஆறுபடை வீடுகளுள் ஐந்தாவது திருத்தணி. மலையில் முடிக்காணிக்கை செலுத்தி, மழித்த தலையில் சந்தனம் பூசி, படிகளில் இறங்கிவரும் அடியார்களை எந்நாளும் இங்குக் காணலாம். அச்சந்தனத்தின் மணத்திற்குக் காரணம், மரத்தின் வைரப்பகுதியில் உறைந்துள்ள எண்ணெய். கட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைக்கும்போது மணம் வெளிப்படுகிறது. ஆனால், எண்ணெய் தனியே பிரிந்து வருவதில்லை. அதனைப் பிரிப்பதற்கு வேறு வழியும் வேறு கருவியும் வேண்டும்.

தாவரங்களிலிருந்து எண்ணெய் பெறும் வழிகள் மூன்று: பிழிதல், வடித்தல், காய்ச்சுதல். எள், தேங்காய், ஆமணக்கு முதலியவற்றில் கொழுப்பு நிறைந்திருப்பதால் அவற்றைச் செக்கிலிட்டுப் பிழியலாம். துளசி, எலுமிச்சைப்புல், தைலமரம் முதலியவற்றின் இலைகளில் இருப்பது ஆவியாகும் எண்ணெய். அதை நீராவியால் வடிக்க வேண்டும். கரிசலாங்கண்ணி போன்ற மூலிகைகளின் சத்தினைப் பெறுவதற்கு, அவற்றின் சாற்றினை வேறோர் எண்ணெயில் சேர்த்துக் காய்ச்ச வேண்டும்.

வாலையும் வடிநீரும்

வடித்தலுக்குரிய கருவியைச் சித்த மருத்துவ நூல்கள் வாலை என்று குறிக்கின்றன. அடியில் நீர் கொதிக்கும் கலம், அதன்மேல் இலை நிரப்பிய அடுக்கு, ஆவியைக் கொண்டுசெல்லும் குழாய், அக்குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டி, வடிவதை ஏந்தும் கலம் ஆகியவை அதன் உறுப்புகள். நீராவி இலையினூடே செல்லும்போது மணப்பொருளையும் உடன்கொண்டு செல்கிறது. குளிர்ந்தபின் எண்ணெய் நீரின்மேல் மிதக்கிறது. கீழே தங்கும் மணநீரே தீநீர்.

நீலகிரியில் தைலமர இலைகளைப் பெருங்கொப்பரைகளில் இட்டு எண்ணெய் வடித்தல் இன்றும் ஒரு குடிசைத் தொழில். நூறு கிலோ இலையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். ரோசா மலரில் இதனினும் குறைவு. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவிற்கும் மேற்பட்ட மலர்கள் தேவை. முதல் உலகப்போரால் ஐரோப்பாவிற்குச் சந்தனக்கட்டை செல்வது தடைப்பட்டபோது, 1916ஆம் ஆண்டில் மைசூர் அரசு தானே சந்தன எண்ணெய் வடிக்கும் முயற்சியைத் தொடங்கியது. இவையெல்லாம் பெருங்கலங்களும் மிகுந்த விறகும் வேண்டுபவை. வீட்டுச் சமையலறைக்கு ஏற்றது காய்ச்சுதலே. பிரஷர் குக்கரில் குழாய் பொருத்தி வடிக்க முயல்வது பெருந்தீங்கு; குழாய் அடைபட்டால் கலம் வெடிக்கும்.

வேண்டும் பொருள்கள்

கரிசாலைத் தைலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வயல்வரப்பின் ஈரத்தில் வெண்ணிறப் பூவுடன் படரும் கரிசலாங்கண்ணியை, எல்லைக்கு அப்பால் தெலுங்கில் குண்டகலகராகு என்பர். பூச்சிமருந்து தெளிக்காத இடத்துச் செடியைப் பறித்து, மண் போக அலச வேண்டும். பின் அம்மியிலோ மிக்சியிலோ அரைத்துத் துணியில் பிழிந்து சாறெடுக்க வேண்டும்.

விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறு பதினாறு பங்கு என்பது மரபுவழி அளவு. 250 மி.லி. நல்லெண்ணெய் எடுத்தால், ஒரு லிட்டர் சாறும் ஏறத்தாழ 60 கிராம் விழுதும் வேண்டும். இவை பொங்கி வழியாதிருக்க, மூன்று லிட்டர் கொள்ளும் சட்டி தேவை. அடி கனத்த இரும்புச் சட்டி சிறந்தது. மெல்லிய பாத்திரத்தில் விழுது அடிப்பிடித்துக் கருகும். நீண்ட கைப்பிடியுள்ள கரண்டி, சட்டிக்கேற்ற மூடி, அடர்ந்த நெசவுள்ள பருத்தித்துணி, புனல், நிறக் கண்ணாடிப் புட்டி ஆகியவையும் வேண்டும். புட்டியை வெந்நீரில் கழுவி, ஒரு துளி ஈரமும் இன்றி உலர்த்துதல் கட்டாயம்.

பதம் அறிதல்

எண்ணெயையும் சாற்றையும் விழுதையும் ஒன்றாக இட்டு, சிறுதீயில் காய்ச்ச வேண்டும். சாற்றில் நீர் உள்ளவரை கலவையின் வெப்பம் ஏறத்தாழ 100 பாகை செல்சியசிலேயே நிற்கும். ஏனெனில், அடுப்பு தரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. நீர் வற்றியதும் வெப்பம் விரைந்து ஏறும். பல நாழிகை பொறுமையாகக் காய்ச்சியவர் இறுதிச் சில நிமிடங்களில் கவனம் பிசகினால், தைலம் கருகிவிடும், தீப்பற்றவும் கூடும். ஆகவே, கொதியின் ஓசை தணியத் தொடங்கியதும் அடுப்பை விட்டு அகலலாகாது.

இந்நிலையைக் கண்டறியக் கரண்டியில் சிறிது விழுதை எடுத்து, ஆறியபின் விரல்களால் உருட்டிப் பார்ப்பர். சேறுபோல் ஒட்டினால் நீர் மிகுந்துள்ளது. மெழுகுபோல் திரண்டால் மெழுகுபதம். மணல்போல் உதிர்ந்தால் மணற்பதம். விழுதைத் திரியில் தடவி ஏற்றினால் சடசடவென ஒலித்தல், நீர் எஞ்சியிருப்பதன் அடையாளம். ஓசையின்றி எரிந்தால் இறக்கிவிடலாம். எஞ்சிய நீர் எண்ணெயை விரைவில் கெடுக்கும். பூசணம் பிடிக்கவும் இடம் தரும்.

மாணவர்கள் இதனைப் பெரியோர் உடனிருக்கவே செய்தல் வேண்டும். காய்ந்த எண்ணெயில் நீர்த்துளி விழலாகாது. தீப்பற்றினால் நீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துச் சட்டியை மூட வேண்டும். ஆறிய தைலத்தை வடிகட்டிப் புட்டியில் ஊற்றி, காய்ச்சிய நாளை எழுதி ஒட்டுதல் நன்று. முதன்முறை முழங்கையில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பு இல்லையெனில் தலைக்குத் தேய்க்கலாம். வீட்டிற்குக் காய்ச்சுவது வேறு. மருந்தென்று விற்பது வேறு. விற்பனைக்கு மருந்து செய்வோர், மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் சட்டம் 1940இன்படி உரிமம் பெற வேண்டும்.

தெரியுமா?

எள் + நெய் = எண்ணெய். எள்ளிற்குரிய இச்சொல் பின்னர் எல்லா நெய்ப்பொருள்களுக்கும் பொதுவாயிற்று. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என்பவற்றிலும் எள் ஒளிந்திருக்கிறது! வடமொழியில் திலம் என்னும் எள்ளிலிருந்தே தைலம் பிறந்தது. தெலுங்கில் எள்ளை நுவ்வுலு என்பர். எண்ணெயை நூனெ என்பர். அச்சொல்லும் எள்ளின் வழியே வந்ததுதான்.

இறுதிக் கருவி

சட்டியையும் துணியையும் புட்டியையும் எவரும் வாங்கிவிடலாம். மெழுகு எது, மணல் எது என்று விரல்நுனியில் உணரும் அறிவைக் கடையில் வாங்க இயலாது. அளவுக்கோலும் வெப்பமானியும் இல்லாத வீடுகளில், சேறு, மெழுகு, மணல் என்னும் மூன்று சொற்களே அளவைகளாயின. தமிழில் பதம் என்பது பக்குவத்தையும் குறிக்கும், சொல்லையும் குறிக்கும். காய்ச்சத் தெரிந்தவர் மறையும்போது அவருடைய கைப்பக்குவமும் மறைந்துவிடும். அவர் இருக்கும்போதே கேட்டு, சொல்லாக்கி, எழுதி வைத்தால் அது நிலைக்கும். பதத்தைப் பதமே காக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டு மூத்தோரிடம் எண்ணெய் காய்ச்சும் முறையைக் கேட்டு, கருவி, அளவு, பதம் என வகைப்படுத்தி எழுதுக.

2. பாகுபதம், கம்பிப்பதம் போலச் சமையலில் வழங்கும் பதப்பெயர்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.