பரணில் தொங்கிய பற்று

போன வாரம் பூண்டி மளிகைக் கடையின் பற்று நோட்டோடு நிறுத்தியிருந்தேன். கடைக்காரத் தாத்தாவை மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம் எதிர்ச்சாரி டீக்கடை என்று சொல்லியிருந்தேன். அதற்குள் மலைப்பூண்டு குறுக்கே வந்துவிட்டது.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று பல மலைகளைச் சுற்றி வந்தால்தான் எங்கள் ஊர் பூண்டி. அப்போது மாதச் சம்பளம் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி எல்லாமே பற்றில்தான் வரும். வைகாசியையொட்டி ஊன்றிய பூண்டை மழைக்காலத்தில் பிடுங்கும்போது ஒரு முறை, கார்த்திகைப் பக்கம் ஊன்றியதைப் பங்குனியில் பிடுங்கும்போது ஒரு முறை கணக்குத் தீர்ப்பார்கள். வடுகபட்டிச் சந்தையில் விலை இறங்கினால் நோட்டில் பக்கம் கூடும்.

கடைக்குப் பின்கட்டில் அடுப்பு. அதற்கு மேலே பரண். அதில் கட்டுக்கட்டாக விதைப்பூண்டு தொங்கும். புகை ஏறி ஏறித் தோல் கறுத்திருக்கும். புகை பட்டால் பூச்சி அண்டாது, மாதக்கணக்கில் கெடாது. நாங்கள் எட்டிப் பறிக்கப் போனால், "டேய், அதத் தொடாத, வெதைக்கு வெச்சது" என்று கல்லாவிலிருந்தே குரல் வரும். ஊன்ற விதை இல்லாத வீட்டுக்கு அதிலிருந்து கட்டு போகும். அதையும் நோட்டில் எழுதுவார். அறுவடையில் பூண்டாகவே திரும்ப வாங்கிக்கொள்வார்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்: உலகமெங்கும் பயிராகும் பூண்டு அநேகமாக விதையே கட்டுவதில்லை. விதை கட்டும் ரகங்கள் சிலவற்றை 1980களில் மத்திய ஆசியாவில் கண்டுபிடித்து எடுத்து வந்தார்கள். மற்றபடி பல்லை ஊன்றி, அது பூண்டாகி, அதன் பல்லை மறுபடி ஊன்றுவதுதான் வழி. மகரந்தம் கலப்பதில்லை, புதுப்பிறவி இல்லை. அந்தப் பரணில் தொங்கியதன் வழிவந்தது இன்று எந்தக் காட்டில் முளைத்தாலும், அது தாத்தா கைபட்ட அதே செடியின் நீட்சி. கடை போய்விட்டது, தாத்தா போய்விட்டார், செடி சாகவே இல்லை!

அப்போதுதான் திண்ணைப் பாட்டி ஞாபகத்துக்கு வந்தார். கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பல்லைக் கடித்தால், எந்தக் காட்டுப் பூண்டு என்று சொல்லிவிடுவார். "இது ஓடைக்கரைது. மேக்காட்டுது இன்னும் காரமா இருக்கும்" என்பார். ஒரே பரணிலிருந்து போன விதைக்கு எப்படி இரண்டு ருசி என்று தாத்தா மல்லுக்கு நிற்பார். பாட்டி விடமாட்டார்: "மண்ணு வேற, பனி வேற. பூண்டு என்னய்யா பண்ணும்?"

விளைபொருளின் குணத்துக்கு அது விளைந்த இடமே காரணமாகலாம் என்பதை ஏற்று, புவிசார் குறியீட்டுச் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 1999இல் நிறைவேற்றியது. 2003இல் நடைமுறைக்கு வந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் அந்தக் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே கட்சியைப் பாட்டி பேசியது அதற்குப் பல வருடங்கள் முன்னால். வழக்கில் ஜெயித்தது பாட்டிதான் என்பது என் தீர்ப்பு.

டீக்கடை அடுத்த வாரம். கிளாவரை, கவுஞ்சி, மன்னவனூர்ப் பக்கத்து வாசகர்கள் வீட்டில் பழைய பற்று நோட்டு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.