ஒரு லிட்டர் ஈரத்தின் விலை

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் சென்னை ஃப்ளாட்டில் நாற்காலி முதுகு, கதவு, ஜன்னல் கம்பி எல்லாமே கொடியாகிவிடும். இரண்டு நாள் கழித்தும் பேன்ட்டின் இடுப்புப் பட்டி பிசுபிசுக்கும். வீட்டுக்குள் உலர்த்திய துணியில் எழும் அந்த முடைநாற்றத்துக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். துணி மெதுவாகக் காய்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

அப்படியொரு மழை வாரத்தில்தான் வீட்டில் பேச்சு எழுந்தது: துவைத்து, உலர்த்தியும் தரும் வாஷர்-டிரையர் வாங்கலாமா? வாங்குவதென்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விலை கூடிய ரகம் கட்டுப்படியாகுமா? விடை தேடப் போனால், முதலில் ஈரத் துணியில் தங்கியிருக்கும் தண்ணீரைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைப்போம். 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வர அதற்குச் சுமார் 293 கிலோஜூல் போதும். அது முழுவதும் ஆவியாகித் தீர்வதற்கோ மேலும் 2,260 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய 8 மடங்கு! இவ்வளவு வெப்பம் ஏறியும் வெப்பமானி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இந்த மறைந்துபோகும் வெப்பத்தை ஆராய்ந்தார். பள்ளிப் பாடத்தில் நாம் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்கவே அத்தனையும் செலவாகிறது. மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான். பானையின் மேல் கசியும் நீர், ஆவியாவதற்கான வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

துணி காயும் சாதாரண வெப்பநிலையில் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் கூடும்: லிட்டருக்குச் சுமார் 2,430 கிலோஜூல். மின்கட்டண மொழியில் 0.67 யூனிட். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று நாள் இரவு பகலாக எரிவதற்கான மின்சாரம் அது. எந்த நிறுவனம் எந்த மெஷினைச் செய்தாலும் இந்த விலையில் தள்ளுபடி கிடையாது. நம்மால் முடிந்தவை மூன்று: ஆவியாக்க வேண்டிய தண்ணீரைக் குறைப்பது, செலவழித்த வெப்பத்தை மீட்பது, அல்லது அந்த வெப்பத்தை வேறு யாராவது தரும்படி பார்த்துக்கொள்வது.

முதல் வழி, பிழிவது. டிரம்மின் ஆரம் 25 செ.மீ. என்றால், நிமிடத்துக்கு 800 சுற்றில் அதன் ஓரத்தில் இருக்கும் துணி புவியீர்ப்பைப் போல 180 மடங்கு விசையை உணர்கிறது. 1,400 சுற்றில் அது 550 மடங்கு. ஐந்து கிலோ பருத்தித் துணியில் 800 சுற்றுக்குப் பின் மூன்றரை லிட்டர் நீர் தங்கினால், 1,400 சுற்றுக்குப் பின் தங்குவது இரண்டரை லிட்டர்தான். அந்த ஒரு லிட்டரை ஆவியாக்க 0.67 யூனிட் ஆகும். சுழற்றி உதறித் தள்ள அதில் ஒரு சிறு பங்கே ஆகும். திரவமாகவே வெளியேறும் நீருக்கு உள்ளுறை வெப்பம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

இரண்டாம் வழி ஹீட் பம்ப். சாதாரண வாஷர்-டிரையரில் ஹீட்டர் காற்றைச் சுடவைக்கிறது; அது துணியின் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. பல மாடல்களில் அந்த ஆவியைக் குளிர்வித்து நீராக்கக் குழாய்த் தண்ணீரையே ஓடவிடுகிறார்கள். காசு கொடுத்து ஏற்றிய வெப்பம், லாரியில் வாங்கிய தண்ணீரோடு சேர்ந்து சாக்கடைக்குப் போகிறது. ஹீட் பம்ப் ரகத்தில் ஈரக் காற்று ஒரு குளிர்ந்த சுருளைத் தொடுகிறது. ஆவி மறுபடி நீராகும்போது, தான் விழுங்கிய வெப்பத்தை அப்படியே கக்கிவிடுகிறது. கம்ப்ரசர் அந்த வெப்பத்தை எடுத்துச் சூடான சுருளுக்கு அனுப்ப, அதே காற்று மீண்டும் சூடேறித் துணிக்குத் திரும்புகிறது. ஒரே வெப்பம் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. 1850-களில் ஆஸ்திரியாவின் எபன்சேயில் பீட்டர் ரிட்டிங்கர் உப்புக் காய்ச்சுவதற்காக அமைத்த இயந்திரத்திலும் இதே யோசனைதான் இருந்தது: எழுந்த ஆவியை அழுத்தி, அதன் வெப்பத்தை மீண்டும் உப்புநீருக்கே கொடுப்பது. சுவிட்சர்லாந்து 2012 முதல் இப்படிப்பட்ட சிக்கனமான டிரையர்களை மட்டுமே விற்க அனுமதிக்கிறது.

இனி நம் வீட்டுக் கணக்கு. ஒரு தடவை உலர்த்த ஹீட்டர் ரகம் மூன்றரை யூனிட்டும், ஹீட் பம்ப் ஒன்றரை யூனிட்டும் எடுப்பதாகக் கொள்வோம். மிச்சம் 2 யூனிட். ஏற்கெனவே ஓடிய யூனிட்டுகளின் மேல் ஏறுவதால், நம் பில்லின் உச்ச ஸ்லாப் விலைதான் இதற்குப் பொருந்தும். யூனிட் 8 ரூபாய் என்றால் தடவைக்கு 16 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசம் 40,000 ரூபாய் என்றால், அதை ஈடுகட்ட 2,500 தடவை உலர்த்த வேண்டும். தினமும் ஓட்டுகிற வீட்டில் ஏழு வருடத்துக்குள் முடிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் வருடம் 40 தடவை ஓட்டினால் அறுபது வருடத்துக்கு மேல் ஆகும். கடைக்காரர் சொல்லும் விலையையும் உங்கள் வீட்டு எண்ணிக்கையையும் போட்டுப் பாருங்கள், பதில் தானே வரும். இன்னொன்றையும் கேளுங்கள்: எட்டு கிலோ துவைக்கும் மெஷின் பெரும்பாலும் ஐந்து கிலோவைத்தான் உலர்த்தும், ஏனென்றால் துணி புரள இடம் வேண்டும்.

கைக்குழந்தை இருக்கும் வீடும், படுக்கையில் முதியவரைப் பராமரிக்கும் வீடும் அன்றாடம் துணி உலர்த்தியாக வேண்டும். அங்கே அந்தப் பணம் வீணில்லை. எங்கள் எண்ணிக்கை வருடத்துக்கு நாற்பதைத் தாண்டவில்லை. ஆகவே 1,400 சுற்று வாஷிங் மெஷினோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாம் வழிக்கு வந்தோம்: ஒரு அறை, இடைவெளி விட்டு விரித்த துணிகள், மேலே 30 வாட் மின்விசிறி. எட்டு மணி நேரத்துக்குக் கால் யூனிட்கூட ஆகாது. துணியைச் சுற்றித் தேங்கும் ஈரக் காற்றை விசிறி விலக்கிக்கொண்டே இருக்கிறது. அடைமழை நாளில் நேரம் அதிகம் பிடிக்கும், ஆனாலும் காய்ந்துவிடுகிறது.

துணி காயும்போது அந்த அறைக்குள் போனால் லேசாகக் குளிர்கிறது. லிட்டருக்கு 0.67 யூனிட் என்ற அந்த விலையை இப்போது அறைக் காற்று செலுத்திக்கொண்டிருக்கிறது.