எஸ் இருந்தால் பன்மையா?

கொக்கிளாயில் நாலு வள்ளம் கரைக்கு வந்தாலும் "வள்ளம் வந்திட்டுது" என்றுதான் சொல்வோம். பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு ஒருமை, பன்மை வினை தேடுவதில்லை. ஆங்கிலம் அப்படி விடாது. எழுவாய் ஒன்றென்றால் 'இஸ்', பலவென்றால் 'ஆர்'. அதனால் பிள்ளைகள் சொல்லின் கடைசியில் எஸ் எழுத்தைக் கண்டதும் 'ஆர்' போட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் சரிவரும். சரிவராத இடங்கள் நாலு வகை.

முதலாவது, எஸ் இருந்தும் ஒருமை. நியூஸ், மெத்தமெட்டிக்ஸ், பிசிக்ஸ், சின்னமுத்தைக் குறிக்கும் மீசில்ஸ் எல்லாம் இந்த வகை. "த நியூஸ் இஸ் குட்" என்பதே சரி. ஷேக்ஸ்பியர் காலத்தில் நியூஸ் பன்மையாகவும் வழங்கியது. பிறகுதான் ஒருமையாக நிலைத்தது.

இரண்டாவது, பொருள் ஒன்றானாலும் பன்மை. கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகு, காற்சட்டைக்கு இரண்டு கால். ஆகவே "மை சிசர்ஸ் ஆர் ஷார்ப்", "மை ட்ரவுசர்ஸ் ஆர் வெட்". முன்னால் 'ஏ பெயர் ஒஃப்' சேர்த்தால், எழுவாய் அந்த ஒரு சோடிதான், 'இஸ்' வரும்.

மூன்றாவது, ஒருமை, பன்மை இரண்டுக்கும் ஒரே வடிவம். கொக்கிளாய்க் களப்பு 1951இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வரும் ஒரு பறவையினத்தைப் பற்றி எழுதினால் "திஸ் ஸ்பீஷீஸ் இஸ் ரெயர்". பல இனங்களென்றால் "தீஸ் ஸ்பீஷீஸ் ஆர் ரெயர்". ஒருமைக்கென்று எஸ்ஸை வெட்டி 'ஸ்பீஷீ' என்று எழுதக்கூடாது. அது உலோக நாணயத்தைக் குறிக்கும் வேறு சொல். சீரீஸ் என்ற சொல்லும் இதே போலத்தான்.

நான்காவது, கருத்தைப் பொறுத்து மாறுபவை. ஸ்டட்டிஸ்டிக்ஸ் பாடமென்றால் ஒருமை, மீன்பிடிப் புள்ளிவிவரங்களென்றால் பன்மை. யுனைட்டட் ஸ்டேட்ஸ் இன்று ஒரே நாடு, ஆகவே 'இஸ்'. ஆனால் அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் அதைப் பன்மையாகவே சுட்டுகிறது. அன்று அது பல மாநிலங்களின் கூட்டாகவே எண்ணப்பட்டது.

இந்த நாலிலும் தீர்ப்புச் சொல்வது எஸ் அல்ல. அந்தச் சொல்லை ஆங்கிலம் ஒன்றாக எண்ணுகிறதா, பலவாக எண்ணுகிறதா என்பதே. அதனால் சொல்லைத் தனியே பாடமாக்க வேண்டாம். 'நியூஸ் இஸ்', 'சிசர்ஸ் ஆர்' என்று வினையோடு சேர்த்தே கொப்பியில் எழுதுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். சாதாரண தரப் பரீட்சையில் யோசிக்க நேரம் இராது. பழகிய காதே கைகொடுக்கும்.