தொப்பிக்குள்ளே ஒரு விரல் காற்று

சென்ற சித்திரையில் ஒரு நாள், குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நின்றோம். நேரம் பகல் பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்று அறவே இல்லை. எமக்குப் பக்கத்தில், அரிசி மூட்டையொன்றின் மேல் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அவர் தலையில் கறுப்பு நிற ஃபெல்ற் தொப்பி. கனடாவிலிருந்து வந்துபோன மகன், “வெயிலுக்குப் போடுங்கோ அப்பா” என்று கொடுத்துவிட்டுப் போனதாம். முகமெல்லாம் வியர்வை வழிய, அவர் இரு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பு, தொப்பியை ஒருக்காக் கழற்றுங்கோ” என்றோம்.

“கழற்றினால் வெயில் மண்டையைப் பிளக்குமே, தம்பி” என்றார்.

அவரைக் கைத்தாங்கலாக நிழலுக்குக் கொண்டுபோய், தொப்பியைக் கழற்றி, போத்தல் தண்ணீரை உச்சியிலும் பிடரியிலும் ஊற்றி, ஒருவர் பத்திரிகையால் விசிறினோம். சிறிது நேரத்தில் தெளிந்தார். “பானைக்கு மூடி போட்டு அவிச்ச மாதிரியல்லோ கிடந்தது” என்றார்.

அந்த முதியவர் இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொன்னார். வெறுந்தலையோடு நின்றால் வெயில் சுடும். காற்றுப் புகாத தொப்பியைப் போட்டால் தலை அவியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதை எமது தீவக மக்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வெயில் உச்சியில் நிற்கும் நாட்கள்

எமது தீவுகளுக்கு ஆண்டில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சியில் வருகிறது: ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு முறை, ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் பகல் 12 மணி கடந்து சில நிமிடங்களில் முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டுப் பாருங்கள். அதற்கு நிழலே இராது.

ஓகஸ்டில் சோளகக் காற்று ஓரளவு ஆறுதல் தரும். சித்திரையிலோ வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் இன்னும் எழும்பியிராது. கடல் சூழ்ந்த நிலமாதலால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். உச்சி வெயில், அசையாத காற்று, ஈரக்காற்று ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் அந்த நாட்களே உடம்புக்கு மிகக் கடினமானவை. பண்ணைத் தாம்போதியிலும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியிலும் சைக்கிளில் போகிறவருக்கு ஒதுங்க ஒரு மர நிழல்கூட இல்லை. வலை தெரிகிறவர், தோட்டத்துக்கு நீர் இறைக்கிறவர், பனை ஏறுகிறவர், கூலிக்கு மண் வெட்டுகிறவர் என எல்லோரும் இந்த வெயிலுக்குள்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது.

தலை எப்படிக் குளிர்கிறது?

உடம்பைக் குளிர்விப்பது தொப்பியல்ல, வியர்வை. அதிலும், ஆவியாகிப் போகும் வியர்வைதான் குளிர்விக்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்லும். எட்டு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. ஆனால் சொட்டுச் சொட்டாக வழிந்து நிலத்தில் விழும் வியர்வையால் பயன் மிகக் குறைவு. வியர்வை ஆவியாக வேண்டுமானால் தோலின்மேல் காற்று ஓட வேண்டும்.

உடம்பின் சூடு பெரும்பாலும் தலைவழியேதான் போகிறது என்று சொல்லுவார்கள். அது சரியன்று. தலையும் கழுத்தும் சேர்ந்து உடற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் உச்சி வெயில் நேரே விழும் இடம் தலை. நெற்றி அதிகம் வியர்க்கும் இடம். ஆகவே தலைக்கு இரண்டு தேவை: மேலே நிழல், உள்ளே காற்று. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கொடுக்கும் தொப்பி அரைத் தொப்பியே.

ஃபெல்ற் என்பது என்ன?

ஃபெல்ற் நெய்த துணியன்று. செம்மறி ஆட்டு மயிரை அல்லது முயல் மயிரை ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தி அழுத்தி, மயிரோடு மயிர் கொளுவிப் பின்னும்படி செய்த தடித்த தகடு அது. வெயில் அதை ஊடுருவாது. மழைக்கும் ஓரளவு தாங்கும். இவை அதன் நல்ல குணங்கள். ஆனால் நெய்த துணியில் இருப்பதுபோல் காற்றோடும் இடைவெளி அதில் இல்லை. குளிர் நாட்டில் தலையைச் சூடாக வைத்திருக்கச் செய்த பொருள், எமது நாட்டிலும் அதையேதான் செய்யும். கறுப்பு, மண்ணிறம் போன்ற கடும் நிறமானால் வெயிலின் வெப்பத்தையும் கூடுதலாக உறிஞ்சும்.

நெட்டித் தொப்பி தந்த பாடம்

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள் ‘சோலா’ தொப்பி அணிந்தார்கள். நெட்டி என்னும் நீர்ச்செடியின் இலேசான வெண்தண்டில் செய்யப்பட்டது அது. வெப்ப நாட்டுச் சூரியனின் கதிர் மண்டையோட்டைத் துளைத்து மூளையைத் தாக்கும் என்று அக்காலத்தில் அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பிழை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பின் அந்தத் தொப்பியும் வழக்கொழிந்தது.

நம்பிக்கை பிழையானாலும் தொப்பியின் அமைப்பில் ஒரு புத்தி இருந்தது. உள்வளையம் தொப்பிச் சுவரோடு ஒட்டாமல் சற்று விலகி நிற்கும். உச்சியில் காற்றுப் போக ஒரு துளை இருக்கும். தலைக்கும் தொப்பிக்கும் இடையில் ஒரு விரல் அளவு காற்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரு விரல் காற்றை நாமும் எமது தொப்பிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் தொப்பியைத் திருத்துவது

பிள்ளைகள் ஆசையோடு தந்த தொப்பியை எறிந்துவிடச் சொல்ல எமக்கு மனமில்லை. கீழ்க்காணும் வழிகளில் அதைப் பயனுள்ளதாக்கலாம்.

1. தொப்பி தலையை இறுக்கக் கூடாது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும்.

2. பனையோலையால் மெல்லிய சும்மாடுபோல் ஒரு வளையம் பின்னி உள்ளே வையுங்கள். பின்னல் நெருக்கமாக இல்லாமல் கண் கண்ணாக இருக்க வேண்டும். தொப்பி வளையத்தின்மேல் நிற்கும். தலையைச் சுற்றிக் காற்று நுழையும்.

3. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, உச்சிக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் இரண்டிரண்டு துளை போட்டு, கிழியாதபடி உலோக வளையம் அடித்துக்கொள்ளுங்கள். சூடான காற்று மேலே எழும்பி அவ்வழியே வெளியேறும்.

4. பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து உச்சியில் வைத்து, மீதியைப் பிடரியில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் மீண்டும் நனையுங்கள். நனைக்க வேண்டியது துணியைத்தான். ஃபெல்ற்றை வெந்நீரில் நனைத்தால் சுருங்கி உருக்குலைந்துவிடும்.

5. கடும் நிறத் தொப்பியானால் மேலே வெள்ளைத் துணியில் ஓர் உறை தைத்துப் போடுங்கள்.

6. நிழலுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றுங்கள். பலர் நிழலிலும் அதைப் போட்டபடியே இருப்பார்கள். அது வீண். கழற்றினால் தலையும் ஆறும், தொப்பியும் காயும்.

7. படகில் போகும்போது தாடைக்கு ஒரு நாடா கட்டிக்கொள்ளுங்கள். காற்றில் பறந்த தொப்பியை எட்டிப் பிடிக்கப் போய்க் கடலில் விழ வேண்டாம்.

இளைஞர்கள் விரும்பி அணியும், முன்பக்கம் மட்டும் நீண்ட துணித் தொப்பி நெற்றிக்கு நிழல் தரும். காதுக்கும் பிடரிக்கும் தராது. சுற்றிவர ஏறத்தாழ 7.5 சென்ரிமீற்றர் விளிம்புள்ள தொப்பியே நல்லது.

முற்றத்துப் பனை தரும் தொப்பி

இவ்வளவு திருத்தமும் வேண்டாத ஒரு தொப்பி எமது முற்றத்திலேயே வளர்கிறது. சார்வோலையை வார்ந்து பின்னிய ஓலைத் தொப்பி பாரமில்லாதது, வெளிர் நிறமானது. பின்னலின் இடுக்குகளால் காற்று உள்ளே போய்வரும். கடகமும் பெட்டியும் பாயும் இழைக்கத் தெரிந்த கைக்கு ஒரு தொப்பி பெரிய வேலையல்ல. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்ட பின் பனையோலைக் கைவேலை ஒரு தொழிலாகவும் பார்க்கப்படுகிறது. ஆனால் நாம் செய்யும் தொப்பிகள் பெரும்பாலும் விருந்தினர் வாங்கும் அழகுப் பொருளாகிவிட்டன. எமது சொந்தத் தலைகள் அவற்றை மறந்துவிட்டன. வேலைக்குப் போகும் பெண்கள் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு சமாளிக்கிறார்கள். நனைத்த பருத்தித் துண்டின்மேல் ஓர் ஓலைத் தொப்பி வைத்தால் அவர்களுக்கும் எவ்வளவோ சுகம்.

தொப்பி மட்டும் போதாது

எவ்வளவு நல்ல தொப்பியானாலும் அது தலைக்கு நிழல், அவ்வளவுதான். கடினமாக வேலை செய்பவருக்கு மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் வியர்க்கலாம். அந்த நீரைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் வியர்ப்பதற்கு உடம்பில் ஒன்றும் இராது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடியுங்கள். மோர், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், பழஞ்சோற்றுத் தண்ணீர் எல்லாம் நல்லவை. கள்ளும் சாராயமும் வெயில் வேலைக்கு ஆகாதவை.

விடிய முன் வேலையைத் தொடங்கி, பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை ஓய்வெடுத்து, மாலையில் மீதியைப் பார்ப்பது எமது முன்னோரின் வழக்கம். அது சோம்பலல்ல, அறிவு. கூலிக்கு ஆள் பிடிப்போர் இதை மனதிற் கொள்ள வேண்டும். நாட்கூலிக்காரர் தாமாக நிழலுக்குப் போகத் துணிய மாட்டார். போகச் சொல்ல வேண்டியவர் வேலை கொடுத்தவரே.

குளிர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகளுக்கும் ஒரு சொல். உடம்பு எமது வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும். வந்த மறுநாளே நண்பகலில் நெடுந்தீவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்ப வேண்டாம்.

தீவில் ஒருவர் வெயிலில் விழுந்தால்

தலையிடி, குமட்டல், கால் பிடிப்பு, அளவுக்கு மிஞ்சிய வியர்வை ஆகியவை முதல் எச்சரிக்கை. நிழல், தண்ணீர், ஜீவனி, ஓய்வு ஆகியவற்றால் இது பெரும்பாலும் மாறும்.

ஆனால் ஒருவர் பிதற்றத் தொடங்கினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால், அது வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 40 பாகை செல்சியசையும் தாண்டியிருக்கலாம். தோல் காய்ந்துதான் இருக்கும் என்றில்லை, வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வியர்வை இருந்தபடியும் வரலாம். இதில் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு விலை.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதன்பின் யாழ்ப்பாணம் வரை தரைவழி. ஆகவே தீவகத்தவர் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே கொண்டுபோக வேண்டும். ஒருவரை உடனே ஊர் வைத்தியசாலைக்குச் சொல்ல அனுப்புங்கள். தரைவழித் தொடர்புள்ள இடமானால் 1990 அம்புலன்சுக்குத் தொலைபேசி எடுங்கள். அதே நேரம் நோயாளியை நிழலில் கிடத்தி, மேலாடையை அகற்றி, உடம்பு முழுவதும் வாளி வாளியாக நீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். நீர்த்தொட்டி பக்கத்தில் இருந்தால், தலை மேலே நிற்கும்படி பிடித்துக்கொண்டு அதற்குள் இருத்துவது இன்னும் நல்லது. உவர்க் கிணற்று நீர் குடிக்கத்தான் ஆகாது, குளிர்விக்க ஆகும். கடல் நீரும் ஆகும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பனடோல் இதற்கு உதவாது. படகில் ஏற்றிய பின்னும் நனைப்பதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள்.

அன்று அந்த முதியவர் எம்மோடு ஒரே படகில்தான் வந்தார். தொப்பி அவர் மடியில் இருந்தது, நனைத்த சால்வை தலையில் இருந்தது. வளையம் பின்னும் விதத்தைச் சொன்னபோது சிரித்தார். “மனிசிக்கு உது கண்ணை மூடிக்கொண்டு செய்யிற வேலை. மகன் தந்த தொப்பியும் இருக்கும், என்ர தலையும் இருக்கும்” என்றார்.

அடுத்த சித்திரை வருமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஓலை வளையமோ ஓர் ஓலைத் தொப்பியோ பின்னப்படட்டும். வேலைத்தலங்களில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு துண்டு நிழலும் இருக்கட்டும்.