அம்மோனியா அமிலமாவது எப்படி?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாட்களில், திருப்பதியிலும் சித்தூரிலும் உள்ள நம் சங்கத்துப் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். 2022 ஏப்ரல் முதல் அந்தத் தீவும் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். "அதில் என்ன எரிகிறது?" என்று கேட்பவர்களுக்கு, வேதியியல் படித்தவன் என்ற முறையில் நான் சொல்லும் விடை அம்மோனியாவில் தொடங்கும்.

யூரியா உரம் செய்ய உதவும் அதே அம்மோனியாதான். அதை வெறுமனே எரித்தால் நைட்ரஜனாகவே போய்விடும், பயன் இல்லை. இதற்கு வழி கண்டு 1902-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். சுமார் 10 பங்கு அம்மோனியாவுடன் 90 பங்கு காற்றைக் கலந்து, 850 முதல் 900 டிகிரி வரை சூடான பிளாட்டினம்-ரோடியம் கம்பி வலை வழியே செலுத்துகிறார்கள். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே வலையைத் தொடுகிறது. அதற்குள் நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாகிவிடும்.

அதைக் குளிரவைத்தால், காற்றோடு சேர்ந்து செம்பழுப்பு நிறமுள்ள நைட்ரஜன் டை ஆக்ஸைடாகும். உயர்ந்த கோபுரத்தில் மேலிருந்து விழும் நீரில் இது கரையும்போது நைட்ரிக் அமிலம் கிடைக்கிறது. இதில் மூன்றில் ஒரு பங்கு மறுபடி நைட்ரிக் ஆக்ஸைடாக மாறும். அதையும் வீணாக்காமல் காற்றோடு சேர்த்துக்கொள்வார்கள். இறுதியில் வரும் அமிலம் சுமார் 60 சதவீதம்.

நீரில் கரைக்காமல் அந்தச் செம்பழுப்பு வாயுவை உலர்த்திக் குளிர்வித்தால், மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து நைட்ரஜன் டெட்ராக்ஸைடு என்னும் திரவமாகும். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் எரிபொருளுக்கு ஆக்ஸிஜன் தருவது இதுவே. எரிபொருள் ஹைட்ரஸீன் வகை. இரண்டும் தொட்டவுடன் பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. 21 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், நம் ஊர் வெயிலில் இதை அடைத்து வைப்பதே பெரும் கவனம் வேண்டும் வேலை.

1975-இல் அப்பல்லோ-சோயுஸ் பயணம் முடிந்து இறங்குகையில் இந்த வாயு கலத்துக்குள் புகுந்து, மூன்று அமெரிக்க வீரர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. நகைப் பட்டறையில் பழைய தங்கத்தைத் திராவகத்திலிட்டு வெள்ளியையும் செம்பையும் பிரிக்கும்போது எழும் செம்பழுப்புப் புகையும் இதே வாயுதான். சுவாசித்த உடனே பெரிய தொல்லை தெரியாது; பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். எனவே நகைத் தொழில் செய்யும் அன்பர்கள் திறந்த வெளியிலோ, புகைபோக்கி உள்ள இடத்திலோ மட்டும் இவ்வேலையைச் செய்யுங்கள். புகையை சுவாசிக்க நேர்ந்தால், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.