நடுங்கும் விண்மீனை நிலைநிறுத்தும் கண்ணாடி

புதுக்கோட்டைச் சீமையில் ஊருணிகளுக்குப் பஞ்சமில்லை. தெளிந்த ஊருணியின் படியில் அமர்ந்து, நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல்லை நோக்குங்கள். சிற்றலை எழுந்ததும் அதன் உருவம் நெளிந்து சிதறும். கல் அசையவில்லை, இடையிலுள்ள நீரே அசைந்தது. கோட்டைப்பட்டினக் கடற்கரையில் நின்று காணும் விண்மீன்கள் மினுமினுப்பதும் இவ்வாறே. வெப்பமும் குளிர்ச்சியுமாய்க் கலந்து அலையும் காற்று, அவற்றின் ஒளியை அலைக்கழிக்கிறது. காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'கிதாபுல் மனாழிர்' எனும் நூலில் ஆராய்ந்தவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல்ஹைதம்.

கவிஞர்களை மகிழ்விக்கும் இம்மினுமினுப்பு வானியலாருக்குப் பெருந்தொல்லை. நம் தமிழகத்தின் ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டக் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியுடன் ஒரு தொலைநோக்கி நிற்கிறது. அதற்காக அரும்பாடுபட்ட வைணு பாப்பு, அது நிறைவுறுவதைக் காணாமலே 1982இல் காலமானார். 1986இல் அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அத்துணைப் பெரிய கண்ணாடி மங்கிய ஒளியையும் திரட்டித் தரும் என்பது மெய்யே. ஆயினும், நெருங்கிய இரு விண்மீன்களைப் பிரித்துக் காட்டுவதில், அலையும் காற்றினடியில் அது ஐந்தாறு அங்குலக் கண்ணாடியைப் பெரிதும் விஞ்சுவதில்லை! உழைப்பில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடுகிறது எனலாம்.

இதற்கு 1953இல் வழி கூறியவர் அமெரிக்க வானியலார் ஹோரஸ் பாப்காக். ஒளி எவ்வாறு நெளிந்து வருகிறதோ அதற்கு நேரெதிராகக் கண்ணாடியையும் நெளித்துவிட்டால் உருவம் நேராகிவிடும் என்றார் அவர். காற்றோ நொடிக்கு நூறு முறை மாறுவது. அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்கும் கணிப்பொறி அன்று இல்லை. பின்னர் அமெரிக்க இராணுவம் இதனை இரகசியமாய் வளர்த்து, 1991இல்தான் வெளியிட்டது.

அளந்து பார்க்க அருகிலேயே பிரகாசமான விண்மீன் வேண்டும் என்பது இம்முறையின் இக்கட்டு. அஃது இல்லாதபோது, 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை லேசர் கதிரால் ஒளிரச் செய்து, செயற்கை விண்மீனையே உண்டாக்கிக்கொள்கிறார்கள்! ஹவாய்த் தீவின் 10 மீட்டர் கெக் தொலைநோக்கி இம்முறையைக் கையாளுகிறது.

காவலூரிலும் முதலடி எடுத்துவைக்கப்பட்டுள்ளது. பெங்களூர் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தார் ஆங்குள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திச் சோதித்த கருவியின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. அதன் வேகமான கேமரா விண்மீனின் இடப்பெயர்ச்சியை இடைவிடாது அளக்க, சிறு கண்ணாடியொன்று உடனுக்குடன் எதிர்ப்புறம் சாய்ந்து உருவத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறது. இஃது ஆட்டத்தை மட்டுமே போக்கும். நெளிவைப் போக்க, வளைந்துகொடுக்கும் கண்ணாடி வேண்டும்.